வீட்டு நாயைச் சொல்வழி கேட்கப் பழக்குவது: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உவர்மலையில் எங்கள் வீட்டில் 22 வருடமாக நாய் இல்லாத நாள் இல்லை. காலையில் உட்துறைமுக வீதியில் நாயோடு நடந்தால் யாராவது சைக்கிளை நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்பார்கள். பெரும்பாலும் முந்தின வாரம் வேறொருவர் கேட்டதாகவே இருக்கும். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நான் மிருக வைத்தியர் அல்ல. நோய், காயம் என்றால் வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

குட்டியை எத்தனை வாரத்தில் எடுக்கலாம்? பழக்கிறது ஆறு மாசத்துக்குப் பிறகுதானே?

8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் மற்றதுக்கு நோகும் என்று குட்டி தெரிந்துகொள்கிறது. ஆறு மாதம் வரை காத்திருப்பது பெரிய இழப்பு. வீட்டுக்கு வந்த அன்றே அது படிக்கத் தொடங்கிவிடும். எங்கே படுத்தால் யாரும் எழுப்பமாட்டார்கள், யார் சாப்பாட்டு மேசையில் மீன் தருவார்கள் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் அதற்குத் தெரியும்.

ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரையான காலத்தில் பயமில்லாமல் பார்த்துப் பழகியவற்றைத்தான் அது வாழ்நாள் முழுக்கச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். ஆனால் தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்கினால் பார்வோ போன்ற நோய் பிடிக்கலாம். இதற்கு ஒரு வழி இருக்கிறது: குட்டியைத் தூக்கிக்கொண்டு தினமும் பத்து நிமிடம் கேற்றடியில் நில்லுங்கள். ஓட்டோ, மீன்காரரின் ஹோர்ன், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், தாடி வைத்தவர், அபாயா அணிந்தவர், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், தூரத்தில் கோயில் மேளம் எல்லாவற்றையும் உங்கள் கையில் இருந்தபடியே அது பார்க்கட்டும். இதையெல்லாம் பார்க்காமல் வளவுக்குள்ளேயே அடைபட்டு வளர்ந்த நாய் பிறகு குடையைக் கண்டாலே குரைக்கும். நாம் அதை வீரம் என்று நினைக்கிறோம். அது பயம்.

அல்சேஷன், லாப்ரடோர் எண்டாத்தான் பழக்கலாமாமே? எங்கட ஊர் நாய்க்கு அந்தப் புத்தி வருமா?

வரும். எங்கள் வீட்டில் இப்போது இருக்கும் இரண்டும் ஊர் நாய்கள்தான். ஒன்று சந்தைப் பக்கம் கிடந்து எடுத்த பெட்டைக்குட்டி. கட்டாக்காலியாகத் திரிந்த தாய்க்குப் பிறந்த குட்டி மனிதரின் கையையும் முகத்தையும் கூர்ந்து கவனிக்கும், ஏனென்றால் அதன் தாய் பிழைத்ததே அந்தக் கவனத்தால்தான். லாப்ரடோர் சாப்பாட்டுக்காக எதையும் செய்யும். ஊர் நாய் கொஞ்சம் யோசித்துச் செய்யும். வித்தியாசம் அவ்வளவுதான். இந்த வெயிலும் ஊர் நாய்க்கே தோதானது.

நாய்க்கு இங்கிலீஷில சொன்னாத்தான் விளங்குமா?

இல்லை. தமிழில் பழக்கினாலும் சிங்களத்தில் பழக்கினாலும் நாய்க்கு அது ஒரு சத்தம். ஒரே சத்தம், ஒரே பொருள், வீட்டில் எல்லோர் வாயிலும் ஒன்றாக இருந்தால் போதும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் அப்பா “சிட்” என்றார், அம்மம்மா “இரு ராசா” என்றார், மகள் “உட்காரு” என்றாள். மூன்றும் கேட்காததால் “இது விசர் நாய்” என்று முடிவு கட்டியிருந்தார்கள். உண்மையில் அந்த நாய்க்கு யாரும் ஒரு சொல்லை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்கவில்லை.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டுக்கு வருபவரிடம் “இருங்கோ” என்கிறோம், தொலைபேசியில் “கொஞ்சம் இரு” என்கிறோம், “வா” என்று ஒரு நாளில் எத்தனை பேரிடம் சொல்கிறோம்! நாள் முழுக்கக் காதில் விழுந்தும் தனக்கு ஒன்றும் நடக்காத சொல்லை நாய் கேட்காமல் விட்டுவிடும். ஆகவே மனிதருக்கு அதிகம் சொல்லாத சொற்களை எடுங்கள். எங்கள் வீட்டில் உட்கார “குந்து”, கிட்ட வர “தோ தோ”, அசையாமல் நிற்க “நில்”, வாயில் உள்ளதைப் போட “விடு”. ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகையும் உண்டு. வாய்ச்சொல்லைவிடக் கைச்சைகை நாய்க்குச் சுலபமாகப் பிடிபடும். நாயை ஆள்மேல் ஏவும் “சூ” என்ற சொல்லை மட்டும் வீட்டில் யாரும், பகிடிக்குக்கூட, சொல்ல விடாதீர்கள்.

சரி, “குந்து” எப்படிப் பழக்கிறது? முதுகை அமத்தி இருத்தவா?

அமத்த வேண்டாம். அமத்தினால் நாய் எதிர்த்துத் தள்ளும், இடுப்பும் நோகும். அவித்த மீனில் முள் எடுத்த சின்னத் துண்டொன்றை, நிலக்கடலை அளவில், விரலில் பிடித்து அதன் மூக்கடியில் காட்டுங்கள். பிறகு கையை மெதுவாக நெற்றிக்கு மேலாகப் பின்பக்கம் கொண்டு போங்கள். மூக்கு மேலே போகப் பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். இறங்கிய அந்த நொடியிலேயே நாக்கால் ஒரு “டக்” சத்தம், உடனே மீன். அந்த “டக்”தான் ‘நீ இப்ப செய்ததுக்குத்தான் இது’ என்று அதற்குச் சொல்கிறது. மூன்று நொடி பிந்தினால் அதற்குள் அது எழும்பியிருக்கும், எழும்பியதற்குச் சம்பளம் கிடைத்ததாக நினைக்கும்.

பத்துத் தடவை சரியாக வந்த பிறகுதான் “குந்து” என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். முதலில் சொல், அப்புறம் கை. ஒரு தடவைதான் சொல்லுங்கள். “குந்து குந்து குந்து” என்று சொன்னால் மூன்றாவது தடவைதான் குந்த வேண்டும் என்று அது படிக்கும். ஒரு நேரத்தில் ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நேரம் போதும். கருவாடு கொடுப்பதானால் ஊறவிட்டுக் கழுவி, உப்பு போக அவித்துக் கொடுங்கள். வெங்காயம் போட்ட கறி, சொக்லேட், திராட்சை, அவித்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம்.

சாப்பாடு குடுத்துப் பழக்கினா, கையில ஒண்டும் இல்லாத நேரம் கேக்காதே?

சாப்பாட்டைக் காட்டிக் கூப்பிட்டால் அப்படித்தான் ஆகும். மேலே சொன்னபடி கையில் மீனை வைத்து வழிகாட்டுவது முதல் இரண்டு மூன்று நாளுக்கு மட்டும். அதன்பின் வெறும் கையால் அதே சைகை. சட்டைப்பையிலோ யன்னல் ஓரத்திலோ இருக்கும் மீன், செய்து முடித்த பிறகுதான் வெளியே வர வேண்டும். நன்றாகப் பழகியதும் சில தடவை கொடுங்கள், சில தடவை தடவிப் பாராட்டுங்கள், சில தடவை கேற்றைத் திறந்து நடக்கக் கூட்டிப்போங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபோது நாய் விடாமல் முயற்சி செய்யும்.

விறாந்தையில மூத்திரம் பெய்யுது. பிழை செய்தது தெரியும், ஏனெண்டா நான் வரேக்க முகத்தைத் தொங்கப் போடுது.

அந்த முகம் உங்கள் முகத்தைப் பார்த்து வந்தது. 2009இல் அமெரிக்காவில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்தார். நாய் தின்னக் கூடாததைத் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் தொடர்பே இருக்கவில்லை. சொந்தக்காரர் ஏசும்போதுதான் அந்த முகம் கூடுதலாக வந்தது. ஒன்றும் செய்யாத நாயும் ஏச்சு விழுந்தபோது அப்படித்தான் முகத்தை வைத்தது. ஆகவே ஒரு மணித்தியாலம் கழித்து மூக்கை அதில் தேய்ப்பதால் நாய் ஒன்றையும் படிப்பதில்லை. படித்தால், நீங்கள் இல்லாத இடமாகப் பார்த்துப் பெய்யப் படிக்கும்.

குட்டியால் அதிகம் அடக்க முடியாது. எழும்பியவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன் வளவில் ஒரே மூலைக்குக் கொண்டு போங்கள். போய் முடித்ததும் அந்த இடத்திலேயே “டக்”, மீன். உள்ளே பெய்துவிட்டால் பேசாமல் துடைத்து, வினாகிரி கலந்த தண்ணீரால் கழுவுங்கள். மணம் இருக்கும் வரை அது அந்த இடத்தைக் கக்கூஸ் என்றே நினைக்கும்.

குட்டி கையையும் காலையும் கடிச்சுக் கீறுது. வளந்தா கடி நாயாகுமா?

ஆகாது. குட்டிக்கு 28 பாற்பற்கள். அவை விழுந்து 42 பற்கள் வரும். நாலாம் மாதம் தொடங்கி ஏறக்குறைய ஏழாம் மாதம் வரை முரசு அரிக்கும். பல் பட்டவுடன் விளையாட்டை நிறுத்தி எழுந்து போங்கள். அரை நிமிடம் கழித்து வாருங்கள். தண்ணீரில் நனைத்து முறுக்கி ஐஸ் பெட்டியில் வைத்த பழைய துவாய் ஒன்று கடிக்கக் கொடுத்தால் ஆறுதலாக இருக்கும். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது விளையாட்டு. மரம்போல் நிற்கச் சொல்லிக் கொடுங்கள்.

கூப்பிட்டா வருதில்ல. கண்டுங் காணாத மாதிரி நிக்குது.

வந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். கூப்பிட்டுச் சங்கிலியில் கட்டினோம், கூப்பிட்டுக் கிணற்றடியில் குளிப்பாட்டினோம், பிந்தி வந்ததற்கு அடித்தோம். நாயின் கணக்கில் அந்தக் கூப்பாடு கெட்ட செய்தி. பெயரும் அப்படித்தான் கெடுகிறது. “ரைகர்!” என்று ஏசுவதற்கே பத்துத் தடவை பாவித்தால், பதினோராவது தடவை அது ஏன் திரும்ப வேண்டும்?

கெட்டுப்போன சொல்லை விட்டுவிட்டுப் புதியதொன்றை எடுங்கள். வீட்டுக்குள் இரண்டடி தூரத்தில் தொடங்கி, பிறகு விறாந்தை, வளவு, கடைசியாகத் தெரு. ஒவ்வொரு தடவையும் நல்லது ஏதாவது கிடைக்க வேண்டும், பிறகு திரும்ப விளையாட விட வேண்டும். குளிப்பாட்டவும் கட்டவும் வேண்டிய நேரம் நீங்களே அதனிடம் நடந்து போங்கள். அரை மணித்தியாலம் பிந்தி வந்தாலும், வந்த நாயை ஒருபோதும் அடிக்காதீர்கள்.

எங்கட அப்பா தும்புத்தடியால அடிச்சுத்தான் நாய் வளத்தவர். ஆர் தலைவன் எண்டு காட்ட வேண்டாமா?

இந்தத் தலைவன் கதை ஓநாய்களிடமிருந்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர், மிருகக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்கள் முதலிடத்துக்குச் சண்டையிடுவதைப் பார்த்து எழுதினார். அதை எடுத்துச் சொல்லிப் பரப்பியவர்களில் ஒருவர் டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர். அவரே பின்னர் கனடாவின் வடகோடியில் காட்டு ஓநாய்களை வருடக்கணக்காகக் கிட்ட இருந்து பார்த்துவிட்டு, 1999இல் அது பிழையான படம் என்று எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம். அங்கே தலைமைக்குச் சண்டை இல்லை.

அடி வேலை செய்வதுபோல் தெரியும், அதை நான் மறுக்கவில்லை. அடித்தவுடன் நாய் நிறுத்திவிடும். ஆனால் அது படித்தது உங்கள் கை ஆபத்து என்பதை மட்டும்தான். என்ன செய்ய வேண்டும் என்பதை அல்ல. அப்பா இருக்கும்போது பணிந்து நிற்கும் நாய், அவர் இல்லாத நேரம் பேரப்பிள்ளை கையை ஓங்கினால் கடிக்கும். தலைமை என்று ஒன்று வேண்டுமானால், சாப்பாடு, கேற், நடை எல்லாம் உங்கள் கையில்தானே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முன் ஒரு “குந்து” கேளுங்கள், அது போதும்.

வாலை ஆட்டிக்கொண்டு நிண்டது, திடீரெண்டு கடிச்சுப் போட்டுது. உறுமினா உடனே அடக்கிறது நல்லம்தானே?

வால் ஆடுவது ‘எனக்கு உணர்ச்சி கூடியிருக்கிறது’ என்பதற்கு அடையாளம், சந்தோசம் என்பதற்கல்ல. இடுப்போடு சேர்ந்து தளர்வாக ஆடினால் சந்தோசம். விறைத்து, உயர்ந்து, சின்னச் சின்னதாக வேகமாக ஆடினால் கிட்டப் போகாதீர்கள். அதற்கு முன்பே நாய் பல தடவை சொல்லியிருக்கும்: முகத்தைத் திருப்பும், நித்திரை வராமலே கொட்டாவி விடும், சாப்பாடு இல்லாமல் உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை பிறை மாதிரித் தெரியும், உடல் கல்லாகும். சின்னப் பிள்ளை நாயைக் கட்டிப்பிடித்து எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். பிள்ளை சிரிக்கும், நாய் முகத்தைத் திருப்பி உதட்டை நக்கிக்கொண்டிருக்கும்.

உறுமல் அது தரும் கடைசி எச்சரிக்கை. உறுமியதற்கு அடித்தால் உறுமலை விட்டுவிடும், கோபத்தை விடாது. “சத்தமில்லாமக் கடிக்குது” என்று சொல்லப்படும் நாய்களில் பல இப்படி உருவானவை. உறுமினால் விலகுங்கள். எதனால் உறுமியது என்று பிறகு ஆறுதலாகத் தேடுங்கள்: சாப்பாட்டுக் கோப்பையா, காது வலியா, நித்திரையில் எழுப்பியதா? சாப்பிடும்போது உறுமும் நாயின் கோப்பையைப் பறிக்க வேண்டாம். தூரத்தில் நின்று அதைவிட நல்ல மீன் துண்டு ஒன்றை எறிந்துவிட்டுப் போங்கள். சில வாரத்தில் நீங்கள் கிட்ட வருவதை அது எதிர்பார்க்கத் தொடங்கும்.

பகல் முழுக்கச் சங்கிலியில கட்டினாத்தானே காவலுக்கு நல்லம்?

கட்டிய நாய் எல்லாவற்றுக்கும் குரைக்கும், அதனால் ஒருவரும் எழும்பிப் பார்க்கமாட்டார்கள். ஓட வழியில்லாத நாய் பயத்தில் கடிக்கவும் கூடும். காவல் என்பது புதியவரையும் தெரிந்தவரையும் பிரித்தறிவது; அதற்கு நாய் குடும்பத்தோடு இருந்து, வந்து போகிறவர்களைப் பார்த்திருக்க வேண்டும். மதிலும் கேற்றும் ஒழுங்காக இருந்தால் சங்கிலி தேவையில்லை.

வாறவை எல்லாற்ற மேலயும் பாயுது. பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு இது பெரிய கரைச்சல்.

இதில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும் என்பது அவர்களின் மார்க்க ஒழுங்கு. தொழுகைக்குப் போகிறவரின் உடுப்பில் நம் நாய் வாயை வைத்தால், அவருக்கு அது வெறும் அழுக்கு அல்ல. அவர்கள் வரும் நேரம் நாயை உள்ளே விட்டுவிட்டு வரவேற்பது மரியாதை.

பாய்வதை நிறுத்த, பாயும்போது தள்ளாதீர்கள், ஏசாதீர்கள்; இரண்டும் அதற்குக் கவனிப்புத்தான். முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் “குந்து”, பிறகு தடவல். வெளியில் இருந்து வரும் உங்கள் பிள்ளைகளும் இதையே செய்ய வேண்டும். மகன் மட்டும் நெஞ்சில் ஏறவிட்டுக் கொஞ்சினால் ஒரு மாத உழைப்பு ஒரு பின்னேரத்தில் போய்விடும்.

கோட்டைப் பக்கம் போனா மானைக் கண்டு இழுத்து விழுத்துது.

நம்முடைய ஊரில் இது தவிர்க்க முடியாத பிரச்சினை. பிரட்ரிக் கோட்டைக்குள், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், பின்னேரமானால் தெருவிலும்கூடப் புள்ளிமான்கள் மேயும். துரத்துவது நாய்க்குத் தன்னாலேயே இனிக்கும். உங்கள் மீன் துண்டு அதோடு போட்டிபோட முடியாது. ஆகவே அந்தப் பக்கத்தில் கயிறு இல்லாமல் விடவே வேண்டாம். மிரண்ட மான் கம்பி வேலியிலோ வாகனத்திலோ போய் மோதும். சட்டம் பாதுகாக்கும் பிராணியும்கூட.

பழக்குவதானால் மான் சின்னதாகத் தெரியும் தூரத்தில் தொடங்குங்கள். நாய் மானைப் பார்த்துவிட்டு ஒரு கணம் உங்களைத் திரும்பிப் பார்க்கும். அந்தக் கணத்தில் “டக்”, மீன். இழுக்கத் தொடங்கினால் நீங்கள் மிகக் கிட்டப் போய்விட்டீர்கள், பின்னால் வாருங்கள். எங்கள் பெட்டை நாய்க்கு நாலு மாதம் எடுத்தது. இப்போது மானைக் கண்டால் என் முகத்தைப் பார்க்கும்.

கடற்கரையில அவிட்டு விடலாமா?

காலை ஆறரைக்கு முன், ஆள் குறைவான இடத்தில், கூப்பிட்டால் வரும் நாயானால் விடலாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எட்டு மணிக்கே மணல் சுடும். புறங்கையை ஏழு நொடி தரையில் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது. நாய் பெரும்பாலும் மூச்சு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. நாக்கு நீண்டு, முரசு கடும் சிவப்பாகித் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுபோய்ச் சாதாரண தண்ணீரால் உடலை நனைத்து, நேரே வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்று, இங்கே முக்கியமானது. கரைவலை இழுத்த இடத்தில் பேத்தை மீனைக் கழித்து மணலில் எறிந்திருப்பார்கள். அதன் நஞ்சு ஒரு நாயைச் சில மணித்தியாலத்தில் கொல்லக்கூடியது. தூண்டில் முள்ளும் கிடக்கும். “விடு” பழகாத நாயைக் கடற்கரையில் அவிழ்க்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால்தான். பழக்கும் முறை பண்டமாற்று: வாயில் பொம்மை, மூக்கடியில் மீன், பொம்மையைப் போட்டதும் “டக்”, மீன், பிறகு பொம்மையும் திரும்பக் கிடைக்கும். வாய்க்குள் கையை விட்டுப் பறித்தே பழகிய நாய், எடுத்ததை அவசரமாக விழுங்கிவிடும்.

தீபாவளி வெடிக்கு நடுங்கிக் கட்டிலுக்குக் கீழ போகுது. தடவினா பயம் கூடும் எண்டு சொல்றாங்களே?

தடவினால் பயம் அதிகமாகாது. பயம் ஒரு உணர்வு; ஆறுதல் சொல்வதால் அது வளராது. கட்டிலுக்குக் கீழே பழைய சாரம் ஒன்றை விரித்துக் கொடுங்கள், யன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியையும் வானொலியையும் போடுங்கள். கிட்ட வந்தால் தடவுங்கள். அன்று கேற்றைப் பூட்டி வையுங்கள். வெடிக்கு மிரண்டு ஓடிய நாய்கள் அடுத்த நாள் பாலையூற்றில் கிடைத்த கதைகள் கேட்டிருக்கிறேன். வாடைக்காற்றுக் கால இடிக்கும் இதுவே.

ஐஞ்சு வயசு நாய். இனிப் பழகுமா?

பழகும். குட்டியைவிட நீண்ட நேரம் கவனம் வைக்கும். பழைய பழக்கம் போக மட்டும் நாள் எடுக்கும்.

எங்கட நாய் ஒருத்தரைக் கடிச்சுப் போட்டுது. இப்ப என்ன செய்யிறது?

முதலில் கடிபட்டவர். காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சின்னக் கீறல் என்று விடக் கூடாது. விசர்நாய்க்கடி நோய் வெளிப்பட்டால் பிழைப்பது அரிது. நாயின் தடுப்பூசி அட்டையைக் கொண்டு போங்கள். நாயை அடிக்கவோ துரத்திவிடவோ வேண்டாம். அது கண்முன் இருந்தால்தான் வைத்தியர்கள் அவதானிக்க முடியும். வருடாந்தத் தடுப்பூசியை அரச முகாம்களில் இலவசமாகப் போடுகிறார்கள், அதைத் தவற விடாதீர்கள். அப்புறம், கடிக்கு முன் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். உறுமல் பற்றி மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்றாவது அதில் இருக்கும்.

நாங்க கனடா போறம். நாயை அம்மாவோட விட்டுட்டுப் போறம். அவ சொன்னாக் கேக்குமா?

இப்போது அடிக்கடி வரும் கேள்வி இதுதான். நாய் உங்களுக்குப் பழகியிருக்கிறது, அம்மாவுக்கு இன்னும் இல்லை. போவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சாப்பாடு வைப்பதையும் “குந்து” சொல்வதையும் அவரிடம் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், பிறகு விறாந்தையில், பிறகு வெளியே போய்விடுங்கள். இழுக்கும் நாயென்றால் அம்மாவைத் தெருவுக்கு அனுப்பாமல், நடைக்கு ஒரு பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பழக்குங்கள். வயதானவர் விழுந்து இடுப்பு முறிந்தால் நாயையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

நாய்க்குத் தெரிந்த சொற்களையும் கைச்சைகைகளையும், எதை எப்போது கொடுப்பது என்பதையும், வைத்தியரின் இலக்கத்தையும் பெரிய எழுத்தில் ஒரு கடதாசியில் எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். அம்மா வேறு சொல் பாவிக்கத்தான் பிரியப்படுகிறார் என்றால், நீங்கள் போகும் முன்பே வீடு முழுக்க அவருடைய சொல்லுக்கு மாறிவிடுங்கள்.